ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஃபோகஸ் வைங்க: காரைக்குடித் தெருவுல போஸ் குடுக்காத கேண்டிட் போட்டோ

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்குல்ல, அங்க ஒரு ஆச்சி எனாமல் தூக்கு ஒண்ணைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னாங்க, நான் கேமராவைத் தூக்கி ஆட்டோ ஃபோகஸ் பிடிக்கிறதுக்குள்ள தூக்கைக் கீழ வச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. வந்த படத்துல ஆச்சி முகம் மங்கல், பின்னாடி சாத்தி வச்சிருந்த மரத்தூண் மட்டும் பளிச்சுனு இருக்கு. அதுல இருந்துதான் தூரத்தை முதல்லயே முடிவு பண்ணிட்டு எடுக்கப் பழகினேன். ஏபிஎஸ்-சி கேமராவும் (நடுத்தர அளவு சென்சார் உள்ளது) அதோட சேந்து வர்ற 18-55 மி.மீ. கிட் லென்ஸும் வச்சிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்றேன்.

முதல்ல லென்ஸை 18ல வைங்க, அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற ஓட்டை, எஃப் 8 (எண் சின்னதானா ஓட்டை பெருசு). 2 மீட்டர் தள்ளி இருக்குற எதையாவது ஆட்டோ ஃபோகஸ்ல பிடிச்சுட்டு அப்படியே மேனுவலுக்கு மாத்திருங்க. இப்ப ஏறத்தாழ 1 மீட்டர்ல ஆரம்பிச்சு தெருக்கோடி வரைக்கும் கண்ணுக்குத் தெளிவாத் தெரியும், ரொம்பத் துல்லியம் அந்த 2 மீட்டர்லதான். இதே லென்ஸை 55க்கு இழுத்து எஃப் 5.6ல 3 மீட்டருக்கு ஃபோகஸ் வச்சா தெளிவாக் கெடைக்கிறது மொத்தமே முக்கா மீட்டருக்கும் கம்மி, அதனால புதுசாப் பழகுறப்ப 55 பக்கமே போகாதீங்க. ஃபோகஸ் வச்சப்புறம் ஜூமைத் தொடக் கூடாது. சில மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத) கேமரா லென்ஸ்ல கேமராவை ஆஃப் பண்ணா வச்ச ஃபோகஸ் போயிரும், ஆன் பண்ணதும் ஒரு தடவை சரி பாத்துருங்க.

அடுத்தது 2 மீட்டர்னா எவ்வளவுனு கண்ணுக்குப் பழக்குறது, உண்மையான வேலையே இதுதான். நம்ம ஊர்ல இதுக்கு டேப்பே வேணாம், பத்து அங்குல ஆத்தங்குடித் தரைக்கல்லு போட்ட வீடா இருந்தா எட்டுக் கல்லு எண்ணுங்க, 2 மீட்டர் வந்துரும். வீட்டு ஆளை அந்த முனையில நிக்க வச்சு தெனமும் நாலு தடவை பாருங்க. இன்னொரு வழியும் இருக்கு, 18ல கேமராவைப் படுக்கையாப் பிடிக்கிறப்ப நிக்கிற ஆள் தலையில இருந்து கால் வரைக்கும் சரியா அடங்குனா நீங்க 2 மீட்டர்லதான் நிக்கிறீங்க.

ஷட்டர் (வெளிச்சம் உள்ள விழுற நேரம்) 1/500 செகண்ட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுற உணர்திறன்) ஆட்டோ. திண்ணை நிழல்ல ஐஎஸ்ஓ 1600 கிட்ட ஏறும், கொஞ்சம் புள்ளி விழுந்தாப் பரவாயில்ல. கடைக்குள்ள இருட்டா இருந்தா எஃப் 3.5க்குத் திறங்க, ஆனா அப்போ ஏறத்தாழ 1.4ல இருந்து 3.5 மீட்டர் வரைக்குந்தான் தெளிவு, ஆள் அதுக்குள்ள வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

எடுத்ததும் படத்தைக் காட்டுங்க, வேணாம்னு சொன்னா அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சிருங்க. இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடயாது.

வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாருங்க, கேமரா ஸ்கிரீன்ல எல்லாமே நல்லாத்தான் தெரியும். படம் முழுக்க ஒரே பக்கமா இழுத்திருந்தா உங்க கை ஆடியிருக்கு. சுவர் தெளிவா இருந்து நடக்குற கால் மட்டும் இழுத்திருந்தா ஷட்டர் பத்தல. முகம் மங்கலா பின்னாடி இருக்குற தூண் தெளிவா இருந்தா, ஆள் 1 மீட்டருக்கும் கிட்ட வந்துட்டாங்க, இல்லன்னா ஃபோகஸ் ரிங் நகர்ந்திருக்கு. ரிங் நகராம இருக்க நான் சின்னதா ஒரு டேப் ஒட்டி வச்சிருக்கேன்.