கேஸ் மாத்திரையும் வீணாய்ப்போன ஒன்றரை வருடமும்

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு நெஞ்செரிச்சல் வந்தால் மாத்திரைக்கு என்ன பஞ்சம்? எனக்கு வந்தது. ஒன்றரை வருடம் தப்பாகவே சாப்பிட்டேன். இப்போது கடைக்கு வருகிறவர்கள் அதையே செய்வதைப் பார்க்கிறேன். காரத்தைக் குறை, எண்ணெயைக் குறை என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சாப்பிட்ட பிறகு மாத்திரை

"ராத்திரி பிரியாணி சாப்பிட்டேன், எரியுது. ஒரு கேஸ் மாத்திரை குடுங்கண்ணே."

ஓமிபிரசோல், பான்டோபிரசோல், ரேபிபிரசோல் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இந்த ஒரே பெயர்தான். வம்பே அதில்தான் ஆரம்பிக்கிறது. அது வாயுவைக் கலைக்காது. ஏற்கெனவே சுரந்து தொண்டை வரை ஏறிவிட்ட அமிலத்தையும் தொடாது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. அவற்றை அடைப்பதுதான் அதன் வேலை. ஓடுகிற பம்பில்தான் மருந்து ஒட்டும். பம்புகள் மும்முரமாக ஓடுவது நாம் சாப்பிடும்போது. மருந்தோ ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். உண்ட பிறகு போட்டால், பம்புகள் ஓய்கிற நேரத்தில் மருந்து வந்து சும்மா திரும்பிப் போகும்.

நான் கடையைப் பூட்டி, பத்தரைக்குச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரத்தோடு மாத்திரை போட்டவன். எரிச்சல் அடங்கவில்லை. 20 மில்லிகிராமை 40 ஆக்கினேன். அப்புறம் இரண்டு வேளை. கடைசியில் எண்டோஸ்கோபி எடுக்க வேண்டும் என்று நானே ஒரு மருத்துவரிடம் போய் நின்றேன். அவர் முதலில் கேட்டது, "எப்போ போடுறீங்க?" பத்து வருடம் கவுண்டரில் நின்றவன் பதில் சொல்லக் கூசினேன். பழைய 20-ஐயே காலை டிபனுக்கு அரை மணி முன்பு போட்டேன். ஐந்தாம் நாள் எரிச்சல் அடங்கியிருந்தது.

இன்னும் சிலர் முதல் மாத்திரையிலேயே "கேக்கல" என்று வேறு கம்பெனி கேட்பார்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும். அதுவரை எரிகிற நேரத்துக்கு, சுரந்த அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் திரவம் போதும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் அந்த மாத்திரைக்கும் ஆன்டாசிட்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள்.

திடீரென்று நிறுத்துவது

மாதக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டால், அடங்கிக் கிடந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். சீட்டே இல்லாமல் வருடக்கணக்கில் தொடர்வதும் சரியில்லை. பி12 சத்து குறையலாம்.

தலையணை அடுக்குவது

இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடிக் கட்டை வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

குளிர்ந்த பால்

கொஞ்ச நேரம் சுகம். அவ்வளவுதான்.

"கேஸ்தான்" என்று நாமே முடிவு கட்டுவது

நெஞ்சு இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் கடைக்கு வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சோறு விழுங்கும்போது சிக்குகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றாலும் என்னிடம் மாத்திரை கேட்காதீர்கள். தரமாட்டேன்.