கடவுச்சொல் உருவாக்கும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பத்திலும் போடியிலும் அலுவலகம் வைத்துக்கொண்டு குமுளி, வண்டன்மேடு பக்கம் கொள்முதல் கடை நடத்தும் ஏலக்காய் வியாபாரிகள் கணக்கு மென்பொருளுக்கு மாறியதும், பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுக்கும் வேலை கணினி தெரிந்த இளைஞர் ஒருவரின் தலையில் விழுகிறது. அவர் பத்து வரியில் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றை எழுதி முடித்துவிடுகிறார். டிஎன் 60, கேஎல் 06 என்று வண்டி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்களுக்கு அது முன்னேற்றம்தான். ஆனால் திரையில் எழுத்துகள் தாறுமாறாகத் தெரிவது வேறு, அவற்றை யாராலும் கணிக்க முடியாமலிருப்பது வேறு. பெரும்பாலான தவறுகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே தொடங்குகின்றன.

முதல் தவறு, பைத்தானில் தாறுமாறான எண்களைத் தரும் ரேண்டம் தொகுதியைக் கொண்டு எழுத்துகளைப் பொறுக்குவது. அத்தொகுதிக்குள் இயங்குவது மெர்சென் ட்விஸ்டர் என்னும் வழிமுறை. புள்ளியியல் கணக்கீடுகளுக்கும் விளையாட்டுகளுக்கும் அது மிகப் பொருத்தமானது. ஆயினும் அதன் 32 பிட் வெளியீடுகளில் 624-ஐத் தொடர்ச்சியாகப் பார்த்தவர் அதன் உள்நிலை முழுவதையும் மீட்டெடுத்து, அடுத்து வரப்போகும் எண்களைப் பிழையின்றிச் சொல்லிவிட முடியும். பாதுகாப்பு வேலைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. அதற்கென்றே 2016-இல் வெளிவந்த பைத்தான் 3.6 பதிப்பில் செக்ரட்ஸ் என்னும் தொகுதி சேர்க்கப்பட்டது. இயங்குதளம் தரும் தற்போக்கு (கணிக்க முடியாத) எண்களை அது நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. மாற்ற வேண்டியது ஓரிரு வரிகள்தான் என்பதால், இதைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிட மோசமானது, கடிகார நேரத்தை விதையாக, அதாவது எண்வரிசை தொடங்குவதற்கான மதிப்பாக, கொடுப்பது. 'ஒவ்வொரு முறையும் வேறு கடவுச்சொல் வருகிறதே' என்று எழுதியவர் மகிழ்ந்துபோகலாம். ஆனால் ஒரு நாளுக்கு 86,400 நொடிகளே உள்ளன. விதை நொடிக் கணக்கில் இருந்து, கணக்கு எந்த நாளில் தொடங்கப்பட்டது என்பதும் தெரிந்துவிட்டால், அதே ஸ்கிரிப்டை அத்தனை முறை ஓட்டிப் பார்த்தால் போதும். கடவுச்சொல்லின் நீளம் 8 ஆனாலும் 30 ஆனாலும் விடை அந்த 86,400-க்குள் இருக்கும். தற்போக்கின் ஊற்று சுருங்கினால் என்ன நேரும் என்பதை டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளம் 2008-இல் உலகுக்கே காட்டியது. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறைக்குறியாக்க நிரலின் டெபியன் பதிப்பில் 2006-இல் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால், மறைக்குறிச் சாவிகளின் வேறுபாடு ஏறத்தாழ முழுவதுமாகச் செயல்முறை எண்ணையே (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் எண்) சார்ந்திருந்தது. அந்த எண்ணோ அன்றைய வழக்கமான அமைப்பில் 32,768-ஐத் தாண்டாது.

செக்ரட்ஸ் தொகுதிக்கு மாறிய பிறகும் சிலர் தற்போக்கு பைட்டைத் (8 பிட் கொண்ட அலகு) தாமே வாங்கி, ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் சேர்ந்த 62 குறிகளுக்காக அதை 62-ஆல் வகுத்து, மீதியை எழுத்தாக மாற்றுகிறார்கள். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். நான்கு 62 சேர்ந்தால் 248. எஞ்சும் 8 மதிப்புகள் பட்டியலின் முதல் எட்டு எழுத்துகளுக்குப் போய்ச் சேர்வதால், அவை மற்றவற்றைவிட 25 விழுக்காடு கூடுதலாக வரும். செக்ரட்ஸ் தொகுதியின் சாய்ஸ் என்னும் செயற்கூறு இந்தக் கணக்கைச் சரியாகவே செய்கிறது. அதனிடமே விட்டுவிடுவது நல்லது.

பெரிய எழுத்து ஒன்றும் எண் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்கும்போது, முதலிடத்தில் பெரிய எழுத்தையும் கடைசியில் எண்ணையும் நிரந்தரமாகப் பொருத்துவது பலருக்குக் கைவந்த வழக்கம். அவ்வாறு செய்தால் அந்த இரண்டு இடங்களும் பாதி தெரிந்தவையாகிவிடும். முழுச் சரத்தையும் உருவாக்கி, நிபந்தனை நிறைவேறாவிட்டால் அதை முழுவதுமாகத் தூக்கி எறிந்து மறுபடி உருவாக்குவதே முறை.

எல்லையோரக் கடைகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கம்பத்தில் இருப்பவர் தமிழில் வாசிக்க, குமுளியில் மலையாளம் பேசும் பணியாளர் தொலைபேசியில் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ள, பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது பூச்சியமும் பெரிய ஓவும், ஒன்றும் சிறிய எல்லும் பெரிய ஐயும் குழம்பிவிடுகின்றன. இந்த ஐந்தையும் நீக்கினால் வலிமை போய்விடுமே என்று தயங்க வேண்டியதில்லை. 62 குறிகளில் 16 எழுத்துக் கடவுச்சொல் சுமார் 95 பிட் வலிமை பெறும் (ஒரு பிட் கூடினால் ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் இரட்டிக்கும்). 57 குறிகளில் சுமார் 93 பிட். நீளத்தை ஒன்று கூட்டினாலே இழந்ததற்கு மேல் கிடைத்துவிடும். வலிமையை அவ்வளவாகக் கூட்டாமல், வாசிக்கும்போது மட்டும் தொல்லை தரும் சிறப்புக் குறிகளை, மென்பொருள் கேட்டாலொழிய, நான் சேர்ப்பதில்லை.

ஸ்கிரிப்டைப் பழுதின்றி எழுதியவர்கூட வெளியீட்டைக் கையாள்வதில் தவறிவிடுகிறார். உருவான கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் இன்னொரு நிரலுக்கு நேரடியாகக் கொடுத்தால், அது முனையத்தின் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) வரலாற்றுக் கோப்பில் பதிவாகிவிடும். நிரல் ஓடும் நேரத்தில் அதே கணினியின் பிற பயனர்களுக்குச் செயல்முறைப் பட்டியலிலும் தெரியக்கூடும். எல்லாருடைய கடவுச்சொற்களையும் ஒரே எக்செல் கோப்பில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ இன்னும் கெடுதல். வேலையை விட்டுப் போன பணியாளரைக் குழுவிலிருந்து நீக்கினாலும், அவர் பதிவிறக்கிய கோப்பு அவருடைய கைப்பேசியிலேயே இருக்கும்.