ஜோம்சோம் விமானத்தை நம்பும் முறை

நேபாள மலையில் உள்ள முக்திநாத் கோயிலைச் சேவிக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "விமானம் எத்தனை மணிக்கு?" என்றுதான். டிக்கெட்டில் ஆறரை, ஏழு என்று ஏதோ அச்சடித்திருக்கும். அது கம்பெனியின் ஆசை, அவ்வளவுதான். பொக்கராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் போகும் விமானத்துக்கு நேரம் குறிப்பது காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் காற்று. அதைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டவர்கள் நிம்மதியாகப் போய் வருகிறார்கள். மற்றவர்கள் ஓடுபாதைக்கு எதிரே உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருவரங்கத்திலிருந்து சிறு சிறு குழுக்களாக ஆட்களை அழைத்துப் போகிறவள் நான். இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவே ஆறு அறுத்த இடுக்கு. வெயில் ஏறியதும் வடக்கே உள்ள மேட்டுநிலம் சூடாகிறது, அங்குள்ள காற்று மேலெழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று இந்த இடுக்கு வழியாகப் பாய்ந்து வருகிறது. காலை ஏழு மணிக்குக் கொடியில் காயும் துண்டு அசையாது. பதினொரு மணிக்குத் தெருவில் நடந்தால் கண்ணில் மணல் விழும். அதற்குப் பிறகு சிறு விமானங்கள் இறங்குவதில்லை. அன்றைய போக்குவரத்து முழுவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது முதல் நடையைக் கேளுங்கள். பறக்கும் நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஒரே விமானம் மேலே போய், அங்கிருந்தவர்களை ஏற்றிக் கீழே வந்து, மறுபடியும் போகும். பொக்கராவில் மூடுபனி விலக ஒரு மணி நேரம் தாமதமானால் முதல் நடை தாமதமாகவாவது போகும், கடைசி நடை அடிபட்டுவிடும். "அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது" என்று மூன்றாவது நடையைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றாகத் தூங்கக் கிடைக்கும், பொக்கராவிலேயே.

திரும்பும் நாளில் இன்னொரு குழப்பம் வரும். ஜோம்சோம் மழைமறைவுப் பகுதி. பொக்கராவோ நேபாளத்தில் அதிகம் மழை கொட்டும் ஊர்களில் ஒன்று. ஜோம்சோமில் நீலகிரி என்ற இமயச் சிகரம் பளிச்சென்று நிற்கும், விமானம் மட்டும் வராது. "ஆகாசத்தைப் பாருங்கள், ஒரு பொட்டு மேகம் இல்லையே!" என்று எங்கள் குழுவில் ஒரு மாமா கவுன்ட்டரில் இருந்த பையனிடம் சத்தம் போட்டார். "இங்கே இல்லை தாத்தா, அங்கே இருக்கிறது" என்று அவன் இந்தியில் பொறுமையாகச் சொல்லித் தெற்குப் பக்கம் கை காட்டினான். விமானம் இரவில் ஜோம்சோமில் தங்குவதில்லை. பொக்கராவிலிருந்து வந்தால்தான் உங்களைக் கூட்டிப் போகும். விமானி கண்ணால் வழி பார்த்துத்தான் ஓட்டுகிறார். இடையில் உள்ள மலைமுகட்டில் மேகம் அடைத்துக்கொண்டால் இரு முனையிலும் வெயில் அடித்தும் பயனில்லை.

அந்தப் பையனிடம் மல்லுக்கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 மே 29 அன்று இதே தடத்தில் போன ட்வின் ஆட்டர் விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள். "இன்று இல்லை" என்று அவர்கள் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த வேலை ஜீப். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதினொன்றரை வரை காத்திருந்து, ரத்து என்று அறிவித்த பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் ஜீப் தேடினால் வாடகை ஏறும், நல்ல ஓட்டுநர்கள் போயிருப்பார்கள். பொக்கராவுக்குச் சாலை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மார்ஃபா, காசா, தாத்தோபானி, பேனி வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். நண்பகலுக்குப் பிறகு கிளம்பினால் இரவில் மலைச்சாலையில் மாட்டிக்கொள்வீர்கள். என் வழக்கம்: முதல் நாள் மாலையே ஒரு ஓட்டுநரின் எண்ணை வாங்கிப் பேசி வைத்துவிடுவேன். காலை ஒன்பது மணிக்குள் பொக்கராவிலிருந்து விமானம் கிளம்பிய செய்தி வராவிட்டால், குழுவில் வயதானவர்களைப் பார்த்து, காத்திருப்பதா ஜீப்பில் ஏறுவதா என்று முடிவெடுப்பேன். பத்து மணிக்கு மேல் யோசிப்பதில்லை. "நாளைக்குப் போகலாம்" என்பது எப்போதும் நல்ல யோசனை அல்ல. நாளைய இருக்கைகள் பெரும்பாலும் நாளைய டிக்கெட்காரர்களுக்கே. மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு.

காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் ஜோம்சோம் திரும்பும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் சும்மா விடுங்கள். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை விமானத்தையும் நம்ப முடியாது, சாலையில் மண்ணும் சரியும். அந்த மாதங்களில் நான் யாரையும் அழைத்துப் போவதில்லை.

சாமான் விஷயம். பெட்டிக்கு 10 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதே இந்த மலை விமானங்களில் பொதுவாகக் கிடைப்பது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எனவே எடையில் தாராளம் காட்ட அவர்களால் முடியாது. பெரிய பெட்டியைப் பொக்கரா ஓட்டலில் விட்டு வாருங்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் ஏறாது. பெட்டிக்கு அடியில் ஒளித்தாலும் கையால் துழாவி எடுத்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் சாளக்கிராமம் என்று பொறுக்கிய கற்கள் திரும்பும்போது தராசில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாமிகளுக்கு ஒரு வார்த்தை: குறுகலான ஏணிப்படி, அடிக்கும் காற்று, பிறகு ஜீப். மடிசாரைப் பையில் வைத்துக்கொண்டு கோயில் அருகே விடுதியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஜோம்சோம் விமான நிலையம் என்றதும் திருச்சியைக் கற்பனை செய்யாதீர்கள். சின்னக் கட்டிடம், சில இருக்கைகள், கையால் தடவிச் சோதனை. காபிக் கடை கிடையாது. கழிப்பறைக்கு விடுதியிலேயே போய்விட்டு வருவது உத்தமம். விடுதிகள் எல்லாம் ஓடுபாதையை ஒட்டிய தெருவிலேயே இருப்பதால் நடந்தே வந்துவிடலாம். வெந்நீர்க் குடுவை, கடலைமிட்டாய், மூக்கையும் காதையும் மூட ஒரு துணி, இவை கையில் இருக்கட்டும். இருக்கை எண் கிடையாது. மேலே போகும்போது வலப்பக்கம் அன்னபூர்ணா, இடப்பக்கம் தவளகிரி. காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் தருவார்கள். இரண்டையும் இடம் மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

பொக்கரா 800 மீட்டர் உயரம், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700க்கு மேல். காலையில் இறங்கிய கையோடு ஜீப்பில் ஏறி நண்பகலுக்குள் கோயிலுக்குப் போய், 108 தாரைகளிலும் பனிநீரில் குளிக்கத்தான் எல்லோரும் துடிக்கிறார்கள். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் அங்கே காத்திருக்கும். ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கி மறுநாள் காலை போங்கள். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். அங்கே தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையைத் தேடாமல் கீழே இறங்குங்கள்.

சாப்பாட்டில் ஆசாரம் பார்ப்பவர்களுக்கு: வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று விடுதித் தீதியிடம் (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொன்னால் தலையாட்டிவிட்டு, பருப்பை ஜிம்பு போட்டுத் தாளிப்பார். ஜோம்சோம் இருக்கும் முஸ்தாங் பகுதியின் அருமையான மூலிகைதான், ஆனால் வெங்காயக் குடும்பம். அதையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் மட்டும் இருந்தால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு, படமும் வயதும் உள்ள வேறு அடையாள அட்டை போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டைப் பொக்கராவிலேயே எடுத்துவிடுங்கள், சார்க் நாட்டவரான நமக்குக் கட்டணம் குறைவு. நேபாள ரூபாயையும் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், நமது 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. ஜீப்புக்கும் எதிர்பாராத ஓர் இரவுக்கும் வேண்டிய பணம் தனி உறையில் இருக்கட்டும். விமானம் ரத்தானால் டிக்கெட்டின் பின்புறம் கவுன்ட்டரில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகே ஜீப்பில் ஏறுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் சாட்சி.