ஆண்டீஸ் உருளைக்கிழங்கில் கலப்பினம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் விளையும் உருளைக்கிழங்கைக் கூடையில் கொட்டினால் முதலில் கண்ணைப் பறிப்பது நிறம்தான். ஊதாச் சதை, சிவப்புத் தோல், முண்டும் முடிச்சுமாய்த் திரண்ட கிழங்கு என்று ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அந்த நிறங்களையும் பெயர்களையும் எண்ணி, "இத்தனை ரகம் இருக்கிறது" என்று மரபு வளத்தை அளப்பது முதல் தவறு. ஒரே ரகம் இரண்டு ஊர்களில் இரண்டு பெயரில் வாழும். ஒரே பெயருக்குள் இரண்டு ரகங்கள் ஒளிந்திருக்கும். பெருவின் லிமா நகரில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் சேர்ந்த பயிர் ரக மாதிரிகள் 15,000 அளவில் இருந்தன. அவற்றை ஒப்பிட்டு ஒரே ரகத்தின் நகல்களைக் களைந்தபோது 4,000க்கும் கீழே வந்துவிட்டன. அப்போதும் அது பெரிய செல்வம்தான். ஆனால் பெயரை நம்பிக் கலப்புக்குப் பெற்றோர் செடிகளைத் தேர்ந்தெடுப்பவர், தன் செடியையே தன்னோடு கலந்துகொண்டிருக்கக்கூடும்.

இன்னும் பெரிய தவறு, குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்காமல் மகரந்தத்தைத் தடவுவது. உருளைக்கிழங்கின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள், 12. ஆண்டீஸில் 24, 36, 48, 60 என்ற நான்கு நிலையிலும் பயிராகிறது, பல சமயம் ஒரே வயலில் அடுத்தடுத்து. உலகச் சந்தையில் விற்கும் வழக்கமான கிழங்கு 48 கொண்டது. பெருவில் விரும்பி உண்ணும் மஞ்சள் சதை ரகமான தும்பாய் 24, வாய்ரோ 36. மூன்று தொகுதி குரோமோசோம்களைச் சமமாகப் பிரிக்க முடியாததால் வாய்ரோவின் மகரந்தம் பெரும்பாலும் மலடு. பூத்துக் குலுங்கும்; அதைக் கொண்டு கலப்புச் செய்தால் விதையுள்ள காய் கிடைப்பது அரிது.

24ஐயும் 48ஐயும் கலந்தால் 36 கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போடுவார்கள். நடைமுறையில் அந்த விதைகள் பெரும்பாலும் கருவிலேயே அழிந்துவிடும். தப்பிப் பிழைப்பவை அநேகமாக 48 கொண்டவை. 24 குரோமோசோம் பெற்றோர் சில சமயம் பாதியாகக் குறைக்காமல் முழுத் தொகுதியையும் மகரந்தத்தில் அனுப்பிவிடுகிறது, அதுதான் காரணம். அப்படிப்பட்ட மகரந்தத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சாதாரணத் துகள்களுக்கு நடுவே பருத்த துகள்களாகத் தனித்துத் தெரியும். கலப்புக்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் ஒரு பருவ உழைப்பு மிச்சம்.

எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. சோலானம் அகாவ்லே என்ற காட்டினத்துக்கும் 48 குரோமோசோம்தான். ஆனால் விதைக்குள் கருவுக்கு ஊட்டம் தரும் திசுவைப் பொறுத்தவரை அது பாதி வலுவோடுதான் நடந்துகொள்கிறது. அதனால் சாகுபடி ரகத்தோடு நேரடியாகச் சேராது. இடையில் இரண்டையும் இணைக்கும் ஒரு பாலச் செடி தேவை.

இதே அகாவ்லேதான் மலை உச்சி உழவர்களுக்குப் பனியைத் தாங்கும் கிழங்கைத் தந்தது. அது 24 குரோமோசோம் சாகுபடி ரகத்தோடு இயற்கையாகக் கலந்து 36 கொண்ட ஹூசெப்சூகியும், அதன்வழி 60 கொண்ட குர்ட்டிலோபமும் பிறந்தன. 4,000 மீட்டர் உயரத்திலும் விளையும். ஆனால் கடுங்கசப்பு. உழவர்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துச் சாற்றைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து சூன்யோ செய்து உண்கிறார்கள். காட்டினத்திலிருந்து ஒரு நல்ல குணத்தை எடுக்கும்போது நச்சும் கூடவே வரும் என்பதை அவர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் 1967இல் வெளியான லெனாப்பே ரகத்தில் இந்த எச்சரிக்கை தவறியது. சோலானம் சாகோயென்ஸே என்ற காட்டினத்தின் வழித்தோன்றலான அது வறுவலுக்கு அருமையாக இருந்தது. கிளைக்கோ ஆல்கலாய்டு என்ற கசப்பு நச்சின் அளவு கூடியதால் 1970இல் திரும்பப் பெற்றார்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாமல், ஆய்வகத்தில் அளந்தே ஆகவேண்டும்.

ஆண்டீஸ் ரகத்தை ஐரோப்பாவின் கோடையில் நட்டு, "விளைச்சல் இல்லை" என்று தள்ளிவிடுவதும் அநியாயம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகலுக்குப் பழகிய செடி அது. நீண்ட பகலில் இலையும் தண்டுமாய் வளருமே தவிர, கிழங்கு வைக்க நேரமெடுக்கும். ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு இதைப் பெருமளவு கட்டுப்படுத்துகிறது. பிரிட்டனில் சிம்மண்ட்ஸ் என்ற பயிர் மரபியல் அறிஞர் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து, ஆண்டீஸ் செடிகளிலிருந்தே நீண்ட பகலுக்கு ஒத்த கூட்டத்தை உருவாக்கிக் காட்டினார். பொறுமை இருந்தால் முடியும்.

ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்புவதும் ஆபத்து. இதற்கு நீலகிரியே சாட்சி. ஆண்டீஸைத் தாயகமாகக் கொண்ட, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு அங்கே 1961இல் கண்டறியப்பட்டது. ஆண்டீஸின் ஆண்டிஜெனா வகையிலிருந்து கிடைத்த எச்1 மரபணு ஒருவகை நூற்புழுவைத் தடுக்கும், பாலிடா என்ற இன்னொரு வகையைத் தடுக்காது. நீலகிரியில் இரண்டும் உண்டு. அதனால்தான் சோலானம் வெர்னியை என்ற காட்டினத்தின் எதிர்ப்பையும் தேடிப் போக நேர்ந்தது.

இப்போது 24 குரோமோசோம் நிலையில் தலைமுறைதோறும் மாறாமல் வரும் தூய வழிகளை உருவாக்கி, விதையிலிருந்து கலப்பினம் எடுக்கும் முயற்சி வேகம் பிடித்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் செடிகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தையே ஏற்காது. சாகோயென்ஸேயிலிருந்து கிடைத்த எஸ்எல்ஐ மரபணு அந்தத் தடையை நீக்கியது. நீக்கியபின் அடுத்த தொல்லை: தன்மகரந்தத்தால் வந்த பிள்ளைகள் குன்றி, மெலிந்து, பலவும் மலடாகிவிடுகின்றன. இத்தனை காலமும் மறைந்திருந்த தீய மரபணுக்கள் வெளிப்படுவதே காரணம். நன்றாக வந்த இரண்டு மூன்று வழிகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால், ஆண்டீஸின் வளத்தில் ஒரு துளியை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டதாகிவிடும்.

கிழங்கையும் விதையையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. வாய்ரோவை வாய்ரோவாகக் காக்க வேண்டுமானால் கிழங்காகவோ திசு வளர்ப்பாகவோதான் வைக்க முடியும். காயிலிருந்து எடுக்கும் விதை மரபணுக்களைக் காக்குமே ஒழிய, ரகத்தைக் காக்காது. மரபணு வங்கியில் வைத்தால் முடிந்தது என்பதும் அரைகுறை எண்ணம்தான். அங்கே செடி புதிய நோயையும் புதிய பருவத்தையும் சந்திப்பதில்லை. குஸ்கோ பகுதியில் பிசாக் அருகிலுள்ள உருளைக்கிழங்குப் பூங்காவின் சமூகங்கள் 2004இல் லிமா மையத்தோடு ஒப்பந்தம் செய்து, ஒரு காலத்தில் தங்கள் மலைகளிலிருந்து சென்ற ரகங்களை வைரஸ் நீக்கிய நிலையில் திரும்பப் பெற்றார்கள். அந்த மலைகளிலிருந்து மாதிரி வாங்கிக் கலப்புச் செய்பவர், எந்த ஊர், எந்த உயரம், அங்கே என்ன பெயர், எதற்குச் சமைக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். அதை வளர்த்தவர்களின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெறட்டும்.