கடலோர வீட்டு மேசைக்கு ஸ்பீக்கரும் ஹெட்போனும்: காசைக் கரைக்கும் தவறுகள்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் வீடு. மேசைக்கு நேர் எதிரே ஜன்னல், திறந்தால் பாக் நீரிணை. நாலு மாதம் ரிவ்யூ படித்து, பார்த்துப் பார்த்து வாங்கிய என் முதல் ஸ்பீக்கர் ஜோடி, இரண்டாவது வருடமே வால்யூம் குமிழைத் தொட்டால் கரகரவென்று இருமத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே செம்புக் கம்பிகள் சேரும் இடமெல்லாம், துலக்காத குத்துவிளக்கு போல, பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

நான் படித்த எந்த ரிவ்யூவிலும் உப்புக்காற்று என்ற வார்த்தையே கிடையாது. அதை எழுதியவர்கள் தனுஷ்கோடியிலிருந்து தொண்டி வரைக்கும் எங்கேயும் குடியிருந்தவர்கள் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: அவர்கள் ஊருக்கு எழுதியதைப் படித்து நம் ஊருக்கு வாங்குவது.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாக வரும் கடல்காற்று உங்கள் ஆம்பின் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) சர்க்யூட் போர்டு மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலத்தை விட்டுப் போகிறது. ராத்திரி ஈரம் ஏறியதும் அந்தப் படலம் நனைகிறது. பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. அப்புறம் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?

அதனால் மேசையை ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள். கடல் பார்த்தபடி எடிட் செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டடி ஒதுக்கிப் போட்டு, வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் மூடி வைக்க ஆரம்பித்த பிறகு அடுத்த ஜோடி நான்கு வருடமாக ஓடுகிறது. குமிழ் கரகரத்தால் உடனே புதிதாக வாங்கக் கிளம்ப வேண்டாம். கரண்டை எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே இரண்டு பீச்சு பீச்சி, முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். பாதி கேஸ் அதிலேயே சரியாகிவிடும்.

வயரின் பிளக் முனையில் தங்க முலாம் இருந்தால் சத்தம் இனிமையாகும் என்று சொல்லி விற்பார்கள். அது கதை. ஆனால் தங்கம் களிம்பு பிடிக்காது என்பது கதையல்ல. மதுரைக்காரருக்கு அது அலங்காரம். பாம்பன்காரருக்கு அதற்காக ஐம்பது, நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கில் விற்கும் வயருக்கு இது பொருந்தாது.

ஹெட்போனில் உப்பை விட ஈரமும் சூடும்தான் எதிரி. காது மெத்தை பெரும்பாலும் தோல் மாதிரி இருக்கும் பியூ ரெக்சின், அதாவது துணி மேல் பிளாஸ்டிக் பூச்சு. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். காதோரம் கறுப்புத் துகளோடு ஒரு நாள் கல்யாண வீட்டுக்காரர் முன்னால் நின்றிருக்கிறேன். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாடலுக்கு மெத்தை தனியாகக் கிடைக்குமா என்பது. வெல்வெட் மாதிரித் துணி மெத்தை உரியாது, வியர்க்கவும் குறைவு. ஆனால் அதற்கு மாற்றினால் பாஸ் (தாழ்ந்த சுருதிச் சத்தம்) கொஞ்சம் இளைக்கும்.

அடுத்து கரண்ட். “ஸ்பீக்கர் ஆன் பண்ணினாலே ம்ம்ம்ன்னு ஒரு சத்தம், பீஸ் மோசம்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டையும் ஆடியோ வயரும் சேர்த்துக் கட்டும்போது, எர்த் வழியாக ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அந்த வளையத்தில் புகுந்து ஸ்பீக்கரில் பாடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பல வீடுகளில் தீர்ந்துவிடும். தீராவிட்டால், ஸ்பீக்கரும் அதற்குச் சிக்னல் கொடுக்கும் பெட்டியும் பேலன்ஸ்டு வயர் (இரைச்சலைத் தானே கழித்துவிடும் வயர்) ஏற்கும் வகையாக இருந்தால் அதற்கு மாறலாம், அல்லது அந்த வளையத்தை அறுக்கும் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியை இடையில் போடலாம்.

ஒருபோதும் செய்யக் கூடாதது, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுவது. சத்தம் நிற்கும், உண்மைதான். ஒரு நாள் ஆளும் நிற்கலாம். கடலோர மண்ணில் எர்த் கம்பியே துருப்பிடித்துத் தேய்ந்து போயிருக்கும் வீடுகள் உண்டு. லேப்டாப் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், ஹெட்போனுக்கு எடுத்து வைத்த காசில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்வெர்ட்டரும் அப்படித்தான். கரண்ட் போனதும் ஸ்பீக்கர் ஙொய்யென்று இரைகிறதென்றால், உங்களுடையது கரண்டை வழவழப்பான அலையாக இல்லாமல் படிக்கட்டு போலக் கொடுக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம். வழவழப்பான அலை கொடுக்கும் சைன் வேவ் வகையில் அந்த இரைச்சல் பெரும்பாலும் இருக்காது. ஆம்பை மாற்றிப் பயனில்லை.

இப்போது துபாய்க் கதை. கீழக்கரை நண்பருக்கு அவர் மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு ஸ்டூடியோ ஹெட்போன் கொண்டு வந்தார். 250 ஓம் (ஓம் என்பது கரண்டுக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு). நல்ல பீஸ். போனில் டாங்கிள் (ஹெட்போன் செருகும் சின்ன அடாப்டர்) போட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ பாடுகிறது. “மாப்ள, டூப்ளிகேட்ட தள்ளிட்டாங்களாடா?” என்று போன் செய்தார். டூப்ளிகேட் இல்லை, கணக்குதான் இடித்தது. சில சின்ன டாங்கிள்கள் அரை வோல்ட் அளவுக்குத்தான் கொடுக்கும். அதை 250 ஓமில் போட்டால் 1 மில்லிவாட். அதே அரை வோல்ட் 32 ஓம் ஹெட்போனில் கிட்டத்தட்ட 8 மில்லிவாட். பெரிய ஓம் வாங்கினால் ஆம்புக்கும் சேர்த்துக் காசு ஒதுக்க வேண்டும். ஓமை மட்டும் பார்த்தாலும் போதாது, ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற சென்சிட்டிவிட்டியையும் பாருங்கள். 32 ஓமாக இருந்தும் டாங்கிளைத் திணற வைக்கும் ஹெட்போன்களும் உண்டு.

இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள 32 ஓம் ஹெட்போனை வைத்துக்கொண்டு, ஆம்பும் டிஏசியும் (டிஜிட்டல் பாட்டைச் சத்தச் சிக்னலாக மாற்றும் பெட்டி) அடுக்குவார்கள். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் இரைச்சல் இல்லாமல், பாதி வால்யூமுக்குள் போதுமான சத்தம் வந்தால் உங்களுக்கு அது இரண்டும் தேவையில்லை. சிடியை விட நுணுக்கமான ஒலி என்று பெட்டியில் குத்தும் ஹை-ரெஸ் முத்திரைக்கும் இதே பதில். சிடி ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து பதிகிறது; அந்த 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும்.

ஓபன் பேக் ஹெட்போன் (வெளிப்பக்கம் மூடாமல் திறந்த வகை) வாங்கலாமா என்று கேட்பார்கள். சத்தம் அறை முழுக்க விரிந்தது போலக் கேட்கும், அழகுதான். ஆனால் வெளிச் சத்தம் முழுவதும் உள்ளே வரும். ஆடி மாதக் கச்சான் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருக்க, மேலே ஃபேன் ஐந்தில் சுற்ற, அதில் உட்கார்ந்து மெல்லிய நாதஸ்வரத்தைக் கேட்க முயன்றால் கை தானாக வால்யூமைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். தினமும் எட்டு மணி நேரம் ஹெட்போனோடு உட்காரும் எனக்கு இது சின்னக் கணக்கில்லை. ஃபேன் இல்லாமல் உட்கார முடியாத ஊரில் வெளிப்பக்கம் மூடிய குளோஸ்டு பேக்குக்குத்தான் என் வாக்கு. காது வியர்க்கும், மணிக்கு ஒரு தரம் கழற்றி வையுங்கள். ப்ளூடூத் பாட்டுக்குச் சரி, எடிட்டிங்குக்கு வேண்டாம்; உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது எல்லோரும் வாட்டில்தான் விழுகிறார்கள். அதுவும் பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று ஊதிக் காட்டும் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்ட அட்டைப்பெட்டி என்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். 25 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், கவனித்தால்தான் தெரியும். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் குழாய் கட்டும் மைக்செட் அண்ணனிடம் இதைக் கேட்டபோது சிரித்தார்: “ஊருக்குக் கேக்கணும்னா வாட்டு வாங்கு தம்பி. மூணடி தள்ளி நீ மட்டும்தானே உக்காந்திருக்க?”

வாட்டை விட இடம்தான் சத்தத்தை மாற்றும். நம் வீடுகளில் அறை சின்னது, மேசை மூலையில். ஒரு ஸ்பீக்கர் மூலையை ஒட்டியும் மற்றது வெளியிலும் இருந்தால் ஒரு பக்கம் பாஸ் கொழகொழக்கும். சுவரை ஒட்டினாலே கீழ்ச் சுருதிகள் 6 டெசிபல் வரை கூடலாம். முடிந்தால் மேசையை மூலையிலிருந்து விலக்கி, ஒரு சுவரின் நடுவில் போடுங்கள். பின்னால் காற்று வெளியேறும் ஓட்டை உள்ள ஸ்பீக்கரானால் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்கள் தலைக்கும் ஒரே தூரம், முக்கோணமாக. ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் கொடுக்கும் சின்ன வட்டம்) காது மட்டத்தில் இருக்க வேண்டும். நான் ஸ்டாண்டு வாங்கவில்லை. பழைய கல்யாண ஆல்பங்களை அடுக்கி, மேலே ஒரு ரப்பர் துண்டு. மேசைக்கு, பாஸ் கொடுக்கும் பெரிய வட்டம் 4 அங்குலம் உள்ள ஸ்பீக்கர் போதும். 6 அங்குலம் வாங்கினால் அந்தச் சின்ன அறையே உறுமும்.

கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்தால் சத்தம் கிணுகிணுவென்று திரும்பி வரும். அந்த அறையில் எத்தனை ஆயிரம் போட்டாலும் பேச்சு தெளியாது. மடித்த மெத்தையை எதிர்ச் சுவரில் சாய்த்து, கனமான திரை ஒன்று தொங்கவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதானால் உங்களுக்குப் பழகின குரலைக் கொண்டுபோங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலியில் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதில் ‘ச’வும் ‘ஷ’வும் குத்தினால் அந்த ஸ்பீக்கர் எனக்கு ஆகாது. இரண்டை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லதென்று காது நம்பிவிடும், கடைக்காரருக்கு அது தெரியும்.

பெட்டியை எறியாதீர்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதுவேதான் வேண்டும். உள்ளே வரும், ஈரத்தை உறிஞ்சும் சின்ன சிலிக்கா பொட்டலம் கொஞ்ச நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். ஹெட்போனைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, நிறம் மாறும் வகைப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள். என் வீட்டில் அந்த டப்பா முறுக்கு டப்பா. தீபாவளி வாரம் மட்டும் அதற்குச் சண்டை நடக்கும்.