யார் சுருதிக்கு யார் வருவது? எலக்ட்ரானிக் ட்ராக்கில் லைவ் வாத்தியம் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசித்தவர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக் கிளம்பிப் போன பிறகுதான் தவறுகள் காதில் விழும். வாசிக்கும்போது எல்லாம் அருமையாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் ஹெட்போனை மாட்டிக் கேட்டால் சிந்த் (மின்னணுவில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்) ஒரு பக்கம் இழுக்கும், வயலின் இன்னொரு பக்கம் இழுக்கும். உடனே கை, சுருதியைத் திருத்தும் பிட்ச் கரெக்‌ஷன் ப்ளக்-இன்னைத் தேடும்.

கம்ப்யூட்டருக்கு என்று ஒரு சுருதியும் ஒரு தாளமும் உண்டு. வாசிப்பவருக்கும் உண்டு. எந்த இடத்தில் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதை ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். நான் செய்த தவறுகளில் முக்கால்வாசி, மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த முடிவைத் தள்ளிப்போட்டதால் வந்தவை.

ஒருமுறை புல்லாங்குழல் பதிவு. சாஃப்ட்வேர் சிந்த் எல்லாம் வழக்கம்போல ஏ = 440 ஹெர்ட்ஸ் (ஏ என்ற ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு). தொடங்கும்போது ட்யூனரில் பார்த்தோம், குழல் கச்சிதமாக நின்றது. ஆனால் காற்று வாத்தியம் வாசிக்க வாசிக்கச் சூடேறும், சூடேறினால் சுருதி ஏறும். மூன்றாவது டேக்குக்குள் குழல் 442-க்குப் போய்விட்டது. ஏறக்குறைய 8 சென்ட்தான், ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் என்ற சிந்த் ஒலியின் மேல் அதே ஸ்வரத்தை நிறுத்திப் பிடித்தபோது, நொடிக்கு இரண்டு முறை அலை அடிப்பதுபோல் துடித்தது. நான் குழலைப் பிட்ச் கரெக்‌ஷனில் போட்டேன். துடிப்பு போனது, கூடவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கி ஏறும் அழகும் போனது. கீபோர்டில் வாசித்த குழல் மாதிரி ஆகிவிட்டது. செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை: குழலைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டு, அது எங்கே நிலைக்கிறதோ அங்கே சிந்த்தின் மாஸ்டர் ட்யூனிங்கை நகர்த்தியிருக்க வேண்டும். சிந்த்துக்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும். குழலுக்கு அந்த வசதி கிடையாது.

இதே வகைதான், ஆனால் இன்னும் நுணுக்கமானது, மேஜர் தேர்டு விவகாரம், அதாவது கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) அடிப்படை ஸ்வரமான ரூட்டிலிருந்து நான்கு அரைச்சுரம் மேலே இருக்கும் ஸ்வரம். கீபோர்டில் அது 400 சென்ட். இயற்கையான இசைவில் 386. வயலின், செல்லோ, குரல் போலக் கட்டைகளோ ஃப்ரெட்டோ இல்லாதவை நிறுத்தி வாசிக்கும்போது தம்மையறியாமல் அந்த 386 பக்கம் சாயும். ட்யூனரைப் பார்த்து ‘வயலின் இறங்கி இருக்கிறது’ என்று திருத்தப் போகாதீர்கள். பேடிலிருந்து அந்தத் தேர்டை எடுத்துவிடுங்கள். சிந்த் ரூட்டையும் அதற்கு ஏழு அரைச்சுரம் மேலே உள்ள ஃபிஃப்த்தையும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், கார்ட் மேஜரா மைனரா என்பதை வயலின் சொல்லட்டும். தியரி படித்ததன் பலன் எனக்கு முதன்முதலில் உறைத்த இடம் இதுதான்.

கீ தேர்ந்தெடுப்பதிலும் வாசிப்பவரைக் கேட்பதில்லை. சப் பேஸ் (மிகத் தாழ்ந்த பேஸ் ஒலி) நன்றாக உதைக்கிறது என்று எஃப் மைனரில் ட்ராக்கை முடித்துவிட்டு, பிறகு கிட்டார்காரரை அழைப்போம். கிட்டாரின் ஆறு திறந்த தந்திகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எஃப் மைனரில் இவற்றில் ஜி ஒன்றுதான் பொருந்தும். மற்ற எல்லாவற்றையும் விரலால் அழுத்தியே வாசிக்க வேண்டும். தந்தி திறந்து ஒலிக்கும் அந்த மினுமினுப்பு வராது. ஒரு அரைச்சுரம் இறங்கி ஈ மைனருக்கு வந்தால் ஆறு தந்தியும் பொருந்தும். சப் பேஸ் 43.7 ஹெர்ட்ஸிலிருந்து 41.2-க்கு இறங்கும், அவ்வளவுதான் நஷ்டம். சாக்ஸஃபோன் என்றால் நோட்டேஷன் எழுதும்போது கவனம்: ஆல்ட்டோ சாக்ஸில் எழுதியிருப்பதைவிட மேஜர் சிக்ஸ்த் கீழே ஒலிக்கும். உங்கள் ட்ராக் சி மைனர் என்றால் அவருக்கு ஏ மைனரில் எழுதித் தர வேண்டும்.

தியரி தெரிந்தவர்களுக்கே உரிய தவறுகளும் உண்டு. கற்றுக்கொண்ட நைன்த், லெவன்த் என்ற கூடுதல் கார்ட் ஸ்வரங்கள் எல்லாவற்றையும் இடது கைப் பக்கம், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களில், குவிப்பது அதில் முதலாவது. சி2-வும் ஈ2-வும் சேர்ந்து ஒலித்தால் ஒன்று 65 ஹெர்ட்ஸ், மற்றது 82, இடைவெளி 17. காதுக்கு அது இனிமையான தேர்டு அல்ல, உறுமல். அந்த ஈ-யை ஒரு ஆக்டேவ் மேலே தூக்குங்கள், அதே கார்ட் திறந்துகொள்ளும். இரண்டாவது, பாருக்கு ஒரு கார்ட் மாற்றுவது. ஒலியின் பளிச்சென்ற பகுதியை அடக்கும் ஃபில்டர் மெல்லத் திறந்துகொண்டிருக்கும்போது ஒரே கார்டில் எட்டு பார் நின்றாலும் இசை நகர்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் கேட்பவர் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. மூன்றாவது, சாஃப்ட்வேரின் ஸ்கேல் லாக், அதாவது ஸ்கேலில் உள்ள ஸ்வரங்களை மட்டும் அனுமதிக்கும் பூட்டு. ஏ மைனர் என்று பூட்டிவிட்டால் ஜி ஷார்ப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் லைவாக வாசிப்பவர் ஈ மேஜர் கார்டுக்குப் போய் ஏ மைனருக்குத் திரும்புவார், இயல்பாகவே. அவர் ஜி ஷார்ப், உங்கள் ஆர்பெஜியேட்டர் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் வசதி) ஜி நேச்சுரல். அந்த உரசலுக்கு அவர் மேல் பழி போடுவது அநியாயம்.

தாளத்துக்கு வருவோம். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 துடிப்பு) அடுத்தடுத்த இரண்டு பதினாறாம் நோட்டுகள் சேர்ந்து 250 மில்லிசெகண்ட். கிரிட்டில், அதாவது சாஃப்ட்வேரின் சம இடைவெளிக் கட்டங்களில், ஆளுக்கு 125. கொஞ்சம் ஸ்விங் உள்ள கிட்டார்காரர் 145, 105 என்று பிரிப்பார். அதுதான் 58 சதவீத ஸ்விங். ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இந்த வசதி இருந்தது. ஆக மெஷினுக்கும் இது புதிதல்ல. கிட்டார் 58-இல் போக, உங்கள் ஹை-ஹேட் 50-இல் நேராகப் போனால் ஒவ்வொரு இரண்டாம் நோட்டிலும் 20 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு அடி கேட்கும். கிட்டாரை நூறு சதவீதம் குவான்டைஸ் செய்தால், அதாவது முழுக்கக் கிரிட்டுக்கு இழுத்துவிட்டால், சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகும், ஆனால் பிறகு கிட்டார்காரரை அழைத்திருக்கவே வேண்டாம். நான் இப்போது செய்வது: கிக் டிரம்மும் சப் பேஸும் கிரிட்டிலேயே நிற்கும். கிட்டாரிலிருந்து க்ரூவை (அந்த நேர இடைவெளிகளை) எடுத்து ஹை-ஹேட், ஷேக்கர் மேல் போடுவேன். துடிப்பு மெஷினுடையது, நடை மனிதருடையது.

ஆனால் வாசிப்பவர் பின்தங்கியது உண்மையிலேயே அவருடைய நடைதானா என்று முதலில் பாருங்கள். பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் துண்டு) 1024 சாம்பிளில் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் 21 மில்லிசெகண்ட் தாமதம். போக ஒருமுறை, வர ஒருமுறை என்றால் 43. ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரில் தன் வாசிப்பைத் தானே கேட்பதுபோல. எவ்வளவு பெரிய வித்வானும் தடுமாறுவார். பதிவின்போது பஃபரை 128-க்கு இறக்குங்கள். கம்ப்யூட்டர் திணறினால் கனமான சிந்த் ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில், வாசிப்பைக் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராகக் கேட்க வைக்கும் டைரக்ட் மானிட்டரிங் இருந்தால் இன்னும் நல்லது.

பதிவுத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெவலைச் சிவப்புக்கு விரட்டாதீர்கள். 24 பிட்டில் பீக் மைனஸ் 12 டெசிபலில் நின்றாலே தாராளம். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஃபைலை மாற்றாமல் 44.1 ப்ராஜெக்டில் போட்டால் சுருதி 147 சென்ட் இறங்கும், வேகமும் 8 சதவீதம் குறையும். இரண்டு மைக் வைக்கும்போது ஒன்று இன்னொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி ஒரு மில்லிசெகண்ட் பிந்தி வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழும், உடம்பே இல்லாத கிட்டார் கிடைக்கும். ஒரு மைக் போதும் என்றால் ஒன்றே வையுங்கள். கிக் விழும்போது மற்ற ஒலியைத் தாழ்த்தும் சைட்செயினைப் பேடுக்கு வைக்கும் அளவிலேயே கிட்டாருக்கும் வைத்தால், கிக் விழும் இடத்தில்தான் கிட்டாரின் மீட்டலும் இருக்கும் என்பதால் மீட்டல் அமுங்கி வால் மட்டும் மிஞ்சும்.

வாசிப்பவர் கிளம்பும் முன் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். மைக்கை நகர்த்தாமல், லெவலைத் தொடாமல், ஸ்கேலில் உள்ள ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளமாக ஒருமுறை, குறுக்கி ஒருமுறை. பிறகு யாரும் அசையாமல் அரை நிமிடம் அறையின் அமைதி. இரண்டு மாதம் கழித்து பாட்டின் பிரிட்ஜ் பகுதியில் ஒரே ஒரு பி ஃப்ளாட் குறையும். அப்போது அவரை மறுபடி அழைக்க முடியாது. அந்த ஃபைலைத் திறக்கலாம்.