தருமபுரியிலிருந்து பூண்டி வரை: பாடகர் குழுவின் முதல் நாள்

வேளாங்கண்ணிக்கு பஸ் பிடிக்கும் இளையோர் பாடகர் குழுக்கள் பலவும் முதல் நாளே கடற்கரையில் போய் இறங்கப் பார்க்கின்றன. தருமபுரியிலிருந்து அது ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாப்பாடு, டீ, கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் பத்து மணி நேரம் போய்விடும். இறங்கியதும் பாடச் சொன்னால் தொண்டையில் காற்றுதான் வரும். முதல் நாளைத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பூண்டி மாதா பேராலயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல், முசிறி, திருச்சி வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். மதியம் சேர்ந்துவிட்டால் மாலைத் திருப்பலிக்குக் குரல் மிச்சம் இருக்கும்.

திருத்தலத்தில் அவர்களுக்கென்று பாடகர் குழு இருக்கும். பங்குத்தந்தையின் கடிதத்தோடு மூன்று வாரம் முன்பே அனுமதி கேளுங்கள். திருப்பலி எத்தனை மணிக்கு, பதிலுரைப் பாடல் (வாசகத்துக்குப் பின் மக்கள் பல்லவி சொல்லும் திருப்பாடல்) யாருடையது, கீபோர்டு அங்கே இருக்கிறதா, ஒலிப்பெட்டி யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தவக்காலமாக (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) இருந்தால் அப்போது அல்லேலூயா பாடுவதில்லை, பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அங்கே போய் நின்றபிறகு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சாமானை முந்தின நாள் இரவே ஏற்றிவிடுவது நல்லது. கடைசியாக எது தேவையோ அது அடியில், முதலில் தேவைப்படும் சீருடைப் பை மேலே. கீபோர்டை டிக்கியில் போடாதீர்கள். வெயிலில் கொதிக்கும், பெட்டிகள் மேலே விழும். உறையோடு கடைசி சீட்டில் படுக்க வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். தபேலா வளையத்தோடு சீட்டுக்கு அடியில். ஒரு சிறு பையில் தனியாக: அடாப்டர், 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பெரிய பின் உள்ள கேபிள் இரண்டு, தபேலா சுத்தியல், பவுடர், பிளாஸ்டிக் உறையில் பாடல் தாள்கள். இந்தப் பைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். இரண்டு பேர் என்றால் யாரிடமும் இருக்காது.

காலை 5.30-க்குக் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் தொப்பூர் கணவாய் வந்துவிடும். சேலம் பக்கமாக நெடுக இறக்கம், வளைவுகள், பாரம் ஏற்றிய லாரிகள். விபத்துக்குப் பேர்போன இடம். கிளம்பும்போதே வயிறு முட்டச் சாப்பிட்டவன் இங்கேதான் வாந்தி எடுப்பான். அதனால் கிளம்பும்முன் இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர் போதும். இட்லிப் பொட்டலத்தை ஓமலூரில் நிறுத்திப் பிரியுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், புளித்துவிடும். எள்ளெண்ணெயில் குழைத்த இட்லிப்பொடி தாங்கும். தலைசுற்றுகிறவர்களுக்கு முன்பக்க ஜன்னல் சீட்டு. வாந்தி மாத்திரை பலருக்கும் தூக்கத்தையும் தொண்டை வறட்சியையும் தரும், ஆகவே மருத்துவரைக் கேட்டு, உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். கணவாயில் யாரும் பஸ்ஸுக்குள் நடைபாதையில் நிற்கக் கூடாது, கைதட்டலும் வேண்டாம். டிரைவர் கவனம் பிரேக்கிலும் கியரிலும் இருக்கட்டும்.

இனி முக்கியமானது. பஸ்ஸில் பாடாதீர்கள். கேட்டால் சிரிப்பார்கள், பாட்டுக்குழுதானே என்பார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் அறியாமலே கத்துவார்கள். ஏசி வேறு தொண்டையை உலர்த்தும். நாமக்கல் வருவதற்குள் மேல் ஸ்தாயி போய்விடும். அந்தாக்ஷரியும் இதில் அடக்கம். புறப்பட்டதும் ஜெபமாலை தாழ்ந்த குரலில் சொல்லலாம். வண்டியில் சினிமாப் பாட்டு அலறினால், "அண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று பொறுப்பாளரே போய்ச் சொல்லட்டும். இல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்கு மேலே பேசவும் கத்த வேண்டியிருக்கும்.

தண்ணீர் குடிக்கச் சொன்னால் பெண் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை எங்கே என்று தெரியாததுதான் காரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், எங்கே என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். 18 பேர், மூன்று அறை, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் 18 நிமிஷம். அரை மணி ஒதுக்குங்கள். ஏறும்போது பெயர் கூப்பிடாமல் எண் சொல்ல வையுங்கள், யார் இல்லை என்பது உடனே தெரியும். முசிறிப் பக்கம் வேகம் குறையும், அதையும் கணக்கில் சேருங்கள்.

பூண்டியில் இறங்கியதும் கீபோர்டை ஆன் செய்யக் கூடாது. ஏசி வண்டியிலிருந்து காவிரிக்கரை ஈரக்காற்றுக்கு வந்தால் உள்ளே நீர்த்துளி படியும். உறையோடு அரை மணி விட்டுவிடுங்கள். தருமபுரியின் வறண்ட மேட்டு நிலத்தில் சுருதி சேர்த்த தபேலாத் தோல் இங்கே தளர்ந்திருக்கும். அதைத் திருப்பலிக்கு முக்கால் மணி முன்பு, பாடப்போகும் இடத்திலேயே சேர்க்க வேண்டும். முதலில் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். வழியில் யாரோ விளையாடியிருப்பார்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது படுக்க விடுங்கள். பிறகு பத்து நிமிஷம் வாய்மூடி முனகல், மெல்ல மேலே ஏற்றுவது. முழுக் குரலில் ஒத்திகை ஒரே பாட்டுக்குத்தான், வருகைப் பாடலுக்கு. ஆலயத்துக்குள் ஒரு கைதட்டிப் பாருங்கள். எதிரொலி நீடித்தால் தாளத்தை ஒரு பிடி குறைத்து, சொல்லின் கடைசி மெய்யெழுத்தைச் சேர்ந்து முடிக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

திருப்பலி முடிந்தபின் எல்லோரும் போட்டோவுக்கு ஓடுவார்கள். பொறுப்பாளர் ஓடாமல் பையைத் திறந்து எண்ணட்டும். அடாப்டர்தான் பெரும்பாலும் அங்கேயே சுவரில் செருகியபடி இருந்துவிடும்.